பத்தரை அடி அறையில் நூறு இன்ச் திரை

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. பத்தரை அடிக்குப் பதினாலடி. ஒரு ஜன்னல், நடுவில் ஒரு ஃபேன். பெரியவன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவனுக்கு பிஎஸ்4 கேம் கருவியில் கிரிக்கெட் ஆட வேண்டும். அம்மாவுக்குப் பழைய படங்கள். எனக்கு வாரம் ஒரு படமாவது பெரிய திரையில் பார்க்க வேண்டும். கீழே இருக்கிற 32 இன்ச் டிவி மூன்று பேருக்கும் போதவில்லை. எல்லாச் செலவும் சேர்த்து இருபத்தைந்தாயிரம் என்று வைத்துக்கொண்டு இறங்கினேன். முடிக்க இரண்டு மாதம் ஆனது. அதில் ஒரு மாதம் நான் அளந்துகொண்டே இருந்தேன். அந்த அளவுகளை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

மூன்று வருடம் முன்பு ஆன்லைனில் ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு ப்ரொஜெக்டர் வாங்கியிருந்தோம். பெட்டியில் 9000 லூமென்ஸ், 1080பி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. முன்னது வெளிச்சத்தின் அளவு, பின்னது படத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. முதல் நாளே அம்மா, "ஏல, மொகமே தெரிய மாட்டேங்கு" என்றாள். ஜன்னலைச் சாத்தினோம், லைட்டை அணைத்தோம், அப்போதும் மங்கல்தான். ஒன்றரை வருடத்தில் படத்தின் நடுவில் மஞ்சளாக ஒரு திட்டு வந்தது. பரணில் ஏற்றிவிட்டேன். இந்த முறை புதிதாக வாங்குவதற்கு முன், அதில் என்ன தவறு என்று தெரிந்துகொள்ள நினைத்துக் கீழே இறக்கித் திறந்தேன்.

அடியில் நான்கு ரப்பர் கால்களைப் பெயர்த்தால் உள்ளே ஸ்க்ரூ. மேல்மூடியைக் கழற்றியதும் தெரிந்தது, அது ஒரு சின்ன டிவிதான். பின்னால் ஒரு பெரிய வெள்ளை எல்இடி, அதன் முன் கோடு கோடாக வரிகள் உள்ள பிளாஸ்டிக் லென்ஸ், பிறகு ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற போலரைசர் தாள், பிறகு படத்தை உருவாக்கும் ஒரே ஓர் எல்சிடி பேனல், கடைசியில் வெளியே தெரிகிற லென்ஸ். போலரைசர் தாளின் நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்பாகத் தீய்ந்திருந்தது, அடிப்பிடித்த தோசை மாதிரி. மஞ்சள் திட்டு அதுதான். காற்று உள்ளே வரும் ஓட்டையில் வடிகட்டி என்று ஒன்றுமே இல்லை. ஃபேன் இறக்கை முழுக்கத் தூசி. பேனல் மேலும் பஞ்சு பஞ்சாக இருந்தது. கறுப்புக் காட்சிகளில் தெரிந்த வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணம் அது.

இந்த வகை ஏன் மங்கல் என்பதும் அப்போது விளங்கியது. எல்இடி வெளிச்சத்தில் பாதியைப் போலரைசர் தின்றுவிடும். மிச்சத்தில் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கைத்தான் விடும். தின்ற வெளிச்சமெல்லாம் உள்ளேயே சூடாக மாறும். தூசி அடைத்து, காற்று ஓடாமல், திருநெல்வேலி மே மாதத்தில் ஓட்டினால் தாள் தீயாமல் என்ன செய்யும்? ஆகவே புதிதாகப் பார்க்கும்போது ஒளி போகும் பாதை தூசி புகாதபடி முழுக்க மூடியிருக்கிறதா என்பதை முதல் கேள்வியாக எழுதிக்கொண்டேன். ‘சீல்டு ஆப்டிக்கல் இன்ஜின்’ என்று விளக்கத்தில் போட்டிருப்பார்கள். இந்த ஊர்ப் புழுதிக்கு அது கட்டாயம்.

வெளிச்சம்: செல்போனால் அளந்தது

பெட்டியில் வெறும் ‘லூமென்ஸ்’ என்று போட்டால் அது பெரும்பாலும் எல்இடியின் கணக்கு. சுவருக்கு வந்து சேர்கிற கணக்கு இல்லை. தர நிர்ணய முறைப்படி அளந்த ‘ஆன்சி லூமென்ஸ்’ அல்லது ‘ஐஎஸ்ஓ லூமென்ஸ்’ என்று இருந்தால் மட்டும்தான் பேச்சுக்கு எடுக்கலாம். அதையும் நாமே சரிபார்க்க வழி இருக்கிறது.

முழு வெள்ளைப் படத்தைத் திரையில் போடுங்கள். திரையை மூன்றுக்கு மூன்று கட்டமாக மனதில் பிரித்துக்கொண்டு, ஒன்பது கட்டங்களின் நடுவிலும் லக்ஸ் மீட்டரை வைத்து அளங்கள். ஓரிடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதுதான் லக்ஸ். ஒன்பதையும் கூட்டி ஒன்பதால் வகுத்து, திரையின் பரப்பால் பெருக்கினால் லூமென்ஸ் வந்துவிடும். லக்ஸ் மீட்டர் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனில் ஆப் போதும். போனின் வெளிச்ச சென்சார் முன்பக்கம் ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கும். போனின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்து, நம் நிழல் விழாமல் ஒதுங்கி நின்று படிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் மீட்டர் வாங்கி என் போனோடு ஒப்பிட்டேன். பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தது. அதைக் கழித்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

பழைய ப்ரொஜெக்டரை 80 இன்ச் திரையில் அளந்தேன். 80 இன்ச் 16:9 திரையின் பரப்பு 1.76 சதுர மீட்டர். ஒன்பது இடங்களின் சராசரி 62 லக்ஸ். பெருக்கினால் 109. ஒன்பதாயிரம் என்று எழுதியிருந்த பெட்டிக்குள் இருந்தது நூற்றுச் சொச்சம். மூன்று வருடத்தில் எல்இடி கொஞ்சம் தேய்ந்திருக்கும், தாள் தீய்ந்திருந்தது, எல்லாம் உண்மை. அதையெல்லாம் தாராளமாகக் கூட்டிப் பார்த்தாலும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. ஏழாயிரம் ரூபாயை யோசித்து யோசித்துச் செலவு செய்கிற குடும்பத்திடம் இப்படி எழுதி விற்பது அநியாயம்.

அப்படியானால் எவ்வளவுதான் வேண்டும்? டிஜிட்டல் தியேட்டர்களுக்கான நியமத்தில் திரையின் நடுவில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா வெளிச்சம் இருக்க வேண்டும். பளபளப்பில்லாத வெள்ளைத் திரையில் லக்ஸை 3.14-ஆல் வகுத்தால் கேண்டெலா கணக்கு வரும். 48-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 150 லக்ஸ். நூறு இன்ச் திரையின் பரப்பு 2.76 சதுர மீட்டர். ஆக, 414 லூமென்ஸ் நிஜமாகச் சுவருக்கு வந்தால், நன்றாக இருட்டிய அறையில் தியேட்டர் வெளிச்சம் வீட்டிலேயே கிடைக்கும். இந்தக் கணக்கு வந்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. மூவாயிரம், நாலாயிரம் லூமென்ஸ் தேடி அலைய வேண்டியதில்லை. ஐந்நூறு, அறுநூறு ஆன்சி என்று நேர்மையாகப் போட்ட ஒன்று கிடைத்தால் போதும். மிச்சப் பணத்தை அறையை இருட்டாக்கப் போடலாம்.

இருட்டு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் அளந்தேன். மதியம் மூன்று மணி, சாதாரணத் திரைச்சீலை போட்ட ஜன்னல், ப்ரொஜெக்டர் ஆனிலேயே இல்லை. சுவரில் 18 லக்ஸ். ப்ரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை வீச முடியாது. சுவரில் ஏற்கெனவே இருக்கிற வெளிச்சம்தான் படத்தின் கறுப்பு. இப்போது மாட்டியிருக்கும் ப்ரொஜெக்டரில் வெள்ளை 188 லக்ஸ்; கறுப்பு 18 என்றால் ராத்திரிக் காட்சியெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். ட்யூப் லைட்டைப் போட்டதும் அதே சுவர் 90 லக்ஸ் தாண்டியது.

டேப்பை எடுத்ததும் மாறிய திட்டம்

முதலில் நான் நினைத்தது, பதினாலடி நீளத்தில் ஒரு கோடியில் திரை, மறுகோடியில் ப்ரொஜெக்டர். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். ப்ரொஜெக்டர் விளக்கத்தில் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் இருக்கும். தூரத்தை அதால் வகுத்தால் படத்தின் அகலம். இந்த விலையில் வருகிற எல்இடி ப்ரொஜெக்டர்கள் பலவும் 1.2, 1.3 அளவில் இருக்கின்றன; லென்ஸில் ஜூம் கிடையாது. நூறு இன்ச் படத்தின் அகலம் 2.21 மீட்டர். 1.25-ஆல் பெருக்கினால் 2.77 மீட்டர், ஒன்பதடி. அதாவது சுவரிலிருந்து ஒன்பதாவது அடியில்தான் லென்ஸ் இருந்தாக வேண்டும். எங்கள் ஃபேன் ஏழாவது அடியில் தொங்குகிறது. 48 இன்ச் ஃபேனின் இறக்கை நுனி சுற்றுவது சரியாக அந்த ஒன்பதாவது அடியில். கூரையில் மாட்ட வழியே இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு இந்த ஊரில் படம் பார்க்க முடியுமா?

பின் சுவரிலேயே வைத்துவிட்டு டிஜிட்டல் ஜூமில் சுருக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். அப்படிச் சுருக்கினால் பேனலின் ஓரத்துப் புள்ளிகள் சும்மா கிடக்கும். வெளிச்சமும் போகும், கூர்மையும் போகும். காசு கொடுத்து வாங்கிய பிக்ஸலை வீணாக்க எனக்கு மனமில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் அறையைத் திருப்பிப் போடத் தோன்றியது. பதினாலடிச் சுவரைத் திரையாக்கி, எதிர்ச்சுவரில் ஏழரை அடி உயரத்தில் ஒரு பலகை. பத்தரை அடியில் பின்னால் காற்றுக்கு அரை அடி, ப்ரொஜெக்டர் உடம்பு முக்கால் அடிக்கு மேல். லென்ஸ் சரியாக ஒன்பதடியில் வந்து நின்றது. ஃபேன் இறக்கை எட்டரை அடி உயரத்தில். பலகைக்குக் கீழே தலைகீழாக மாட்டினால் லென்ஸ் உயரம் ஏழடி. அங்கிருந்து படம் கீழ்நோக்கித்தான் விரியும். ஒளி ஓரிடத்திலும் ஃபேனைத் தொடாது. படத்தின் மேல்விளிம்பு ஏழடி, கீழ்விளிம்பு தரையிலிருந்து மூன்றடி. பாயில் உட்கார்ந்தாலும் சோபாவில் உட்கார்ந்தாலும் கழுத்து வலிக்காது.

நண்பர் ஒருவர் ஆபீஸில் கழித்துக் கட்டிய டிஎல்பி ப்ரொஜெக்டர் ஒன்றை ஆறாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். லேம்ப் வகை, 1024×768. நல்ல வெளிச்சம், அதில் குறையில்லை. டிஎல்பியில் எல்சிடி பேனல் கிடையாது. ஒரு சிப்பின் மேல் லட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகள் சாய்ந்து சாய்ந்து ஒளியைத் திருப்பும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய சிப் அது. போலரைசர் தேவையில்லாததால் வெளிச்சம் வீணாவது குறைவு. ஆனால் நூறு இன்ச்சுக்கு அதற்குப் பதினாலடி தேவைப்பட்டது. 16:9 படம் போட்டால் மேலும் கீழும் நாலில் ஒரு பங்கு சும்மா போகிறது. சுழலும் வண்ணச் சக்கரத்தால் வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் வானவில் மாதிரி எனக்குத் தெரிந்தது; பெரியவனுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கரன்ட் சட்டென்று போனால் லேம்ப் ஆறுவதற்குள் ஃபேன் நின்றுவிடும். அறை பெரிதாக இருந்து இன்வெர்ட்டரும் இருப்பவர்கள் அப்படி ஒன்றைத் தாராளமாக வாங்கலாம். மெனுவில் லேம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட வேண்டும்.

பந்து போன பிறகு அசையும் பேட்

படம் பார்ப்பதற்கும் கேமுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது முதலில் தெரியாது, பெரியவன்தான் காட்டினான். பழைய ப்ரொஜெக்டரில் ஆடும்போது, "அப்பா, நான் அமுக்குனப்புறம் கொஞ்சம் கழிச்சுத்தான் அடிக்கான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். நான் அவனுக்குப் பழக்கம் போதவில்லை என்று நினைத்துவிட்டேன். அவன் சொன்னதுதான் சரி.

அளந்தது இப்படி. கன்ட்ரோலரைத் திரைக்கு முன்னால் பிடித்து, அவன் கட்டை விரலும் திரையும் ஒரே ஃப்ரேமில் தெரியும்படி என் போனில் ஸ்லோமோஷன் எடுத்தேன், நொடிக்கு 240 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் 4.17 மில்லி செகண்ட். பட்டன் கீழே போன ஃப்ரேமிலிருந்து பேட் அசையத் தொடங்கும் ஃப்ரேம் வரை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ண வேண்டும். முதலில் டிவியில், தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடில்: 27 ஃப்ரேம். அது கேமும் டிவியும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் நேரம். பிறகு அதே கேம், அதே ஷாட், பழைய ப்ரொஜெக்டரில்: 50 ஃப்ரேம். வித்தியாசம் 23, ஏறக்குறைய 96 மில்லி செகண்ட். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து அந்த நேரத்துக்குள் மூன்றே முக்கால் மீட்டர் வந்துவிடும். பிட்சே இருபது மீட்டர்தான். பிள்ளை எவ்வளவு பழகினாலும் அந்தப் பந்தை எப்படி அடிப்பான்?

ஒவ்வொரு ஷாட்டையும் ஐந்து முறை எடுத்துச் சராசரி பார்த்தோம். ஒரே முறை எடுத்தால் இரண்டு மூன்று ஃப்ரேம் மாறிவிடுகிறது.

முதலில் வரவழைத்த புது ப்ரொஜெக்டர் நிஜமான 1080பி, வெளிச்சமும் பரவாயில்லை. 42 ஃப்ரேம் வந்தது, டிவியை விட 62 மில்லி செகண்ட் அதிகம். கேம் மோடே இல்லை. நடுவில் ஃபோகஸ் வைத்தால் இடது மேல்மூலை மங்கியது. மூலையில் வைத்தால் நடு மங்கியது. ஏழு நாள் கெடுவுக்குள் திருப்பி அனுப்பினேன். திருப்பி எடுக்காத கடையில் ப்ரொஜெக்டர் வாங்கவே கூடாது என்பது என் முடிவு. இதெல்லாம் நம் வீட்டுச் சுவரில் விழுந்தால்தான் தெரியும்.

இரண்டாவதாக வந்ததுதான் இப்போது மாட்டியிருப்பது. பதினெட்டாயிரத்து ஐந்நூறு. மாடல் பெயர் சொல்லிப் பயனில்லை, ஆறு மாதத்தில் கடையில் வேறொன்று இருக்கும். முதலில் அளந்தபோது 40 ஃப்ரேம் என்று வந்து வயிற்றைக் கலக்கியது. பிறகுதான் ஆட்டோ கீஸ்டோன் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். கோணலாக விழும் படத்தை நேராக்கிக் காட்டுவது கீஸ்டோன். அதற்காக ஒவ்வொரு ஃப்ரேமையும் உள்ளே மறுபடி வரைய வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும், பிக்ஸலும் போகும். அதை அணைத்து, கேம் மோடைப் போட்டதும் 34. டிவியை விட 29 மில்லி செகண்ட்தான் அதிகம். பெரியவன் கையில் கொடுத்தேன். இரண்டு ஓவர் ஒன்றும் பேசாமல் ஆடினான். அதுவே எனக்குப் பதில்.

போட்டி ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இது போதாது. கேமுக்கென்றே வருகிற ப்ரொஜெக்டர்களில் தாமதம் 16 மில்லி செகண்ட், நொடிக்கு 120 முறை படம் மாறும் 120 ஹெர்ட்ஸில் அதற்கும் கீழே என்று கிடைக்கிறது. ஆனால் விலை பல மடங்கு.

எழுத்து தெரிகிறதா?

‘1080பி சப்போர்ட்’ என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும் அர்த்தம். பேனல் 800×480 ஆகவும் இருக்கலாம், என் பழையதைப் போல. ‘நேட்டிவ்’ என்ற சொல் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்கு நான் செய்த சோதனை, லேப்டாப்பில் 1920×1080 அளவில் ஒரு பிக்ஸல் கறுப்பு, ஒரு பிக்ஸல் வெள்ளை என்று கோடு போட்ட படம் ஒன்று செய்து, கீஸ்டோனையும் ஜூமையும் அணைத்துவிட்டுக் காட்டியது. நிஜ 1080பி என்றால் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். பழையதில் வெறும் சாம்பல் புகையும் அலை அலையான பட்டைகளும்தான்.

அதைவிட எளிதான சோதனை நம் எழுத்திலேயே இருக்கிறது. சின்ன அளவில் ‘ணை’, ‘ஞ’, ‘ஐ’ என்று தட்டிப் பாருங்கள். ண-வின் சுழிகளும் ஐ-யின் வளைவும் ஒட்டிக்கொண்டு கறுப்புப் புள்ளியாகிவிட்டால் அந்த லென்ஸ் வேண்டாம். ஆங்கில எழுத்து பிழைத்துவிடும் இடத்தில் தமிழ் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் மட்டும் இல்லை, நான்கு மூலைகளிலும் தட்டிப் பார்க்க வேண்டும்.

மாட்டியது

வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் சுவரில் கை வைத்தேன். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் பட்டி பூசிய மேடு பள்ளம் அத்தனையும் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட். சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டினேன். படத்தின் ஓரம் அதில் முடிந்ததும் மொத்தப் படமும் கூர்மையானது போல் தோன்றியது. ஒரு ரூபாய்க்குக் கிடைத்த பலன் என்று பார்த்தால் இந்தத் துணிக்கு இணையில்லை. ஜன்னலுக்கு ஒளி புகாத லைனிங் துணி, சுற்றிலும் வெல்க்ரோ. மதியம் 18 லக்ஸ் இருந்த சுவர் 1 லக்ஸுக்கு வந்தது.

பலகையை ரசமட்டம் வைத்து மாட்டினேன். ப்ரொஜெக்டரின் அடியில் கால் இன்ச் போல்ட்டுக்கு மரை இருந்தது. பலகையில் ஓட்டை போட்டு, நடுவில் ரப்பர் வாஷர் கொடுத்து முடுக்கியாயிற்று. கீஸ்டோன் இல்லாமல் படம் நேராக விழ வேண்டுமென்றால் லென்ஸ் சுவருக்குச் செங்குத்தாகப் பார்க்க வேண்டும். திரையின் இடது விளிம்பு உயரம், வலது விளிம்பு உயரம் இரண்டையும் டேப்பால் அளந்து சமமாகும் வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். ஒரு மாலை முழுக்க அதற்கே போனது.

பிஎஸ்4-ஐத் திரைக்குக் கீழே வைத்து எட்டு மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இழுத்துப் பார்த்தோம். நடுநடுவே படம் மினுக்கி அணைந்தது. பிஎஸ்4-ஐயே பலகை மேல் ஏற்றிவிட்டோம். கன்ட்ரோலர் வயர் இல்லாததுதானே, ஒரு மீட்டர் கேபிள் போதுமானதாகிவிட்டது. ஓடிடி பார்க்க ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டை நம்பவில்லை. உரிமம் சரியாக இல்லாத கருவிகளில் நெட்ஃபிளிக்ஸ் ஓடாது, இல்லையென்றால் குறைந்த தரத்தில் ஓடும். தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் சொருகிக்கொண்டோம். ஒலிக்குப் பழைய ஹோம் தியேட்டருக்கு வயர்தான். ப்ளூடூத்தில் கொடுத்தால் பேட்டில் பந்து பட்ட பிறகு சத்தம் வருகிறது.

கடைசி அளவு: நூறு இன்ச்சில் நடுவில் 221, மூலைகளில் 160 சொச்சம், சராசரி 188 லக்ஸ், 519 லூமென்ஸ். பெட்டியில் 600 ஆன்சி என்று போட்டிருந்தது. ஏற்றுக்கொள்ளலாம்.

போன ஞாயிறு சாயங்காலம் அம்மாவைக் கைபிடித்து மாடிக்கு அழைத்து வந்தோம். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டான் பெரியவன். டைட்டிலில் ஓடுகிற பெயர்களை அம்மா ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். பாட்டுக்காரர், வசனகர்த்தா, நடனம் என்று ஒன்றையும் விடவில்லை. நான் பின்னால் நின்றுகொண்டு கூரையைப் பார்த்தேன். வெள்ளைக் கூரையில் படத்தின் வெளிச்சம் பட்டுத் திரும்பச் சுவரில் விழுகிறது. திரைக்கு மேலே மூன்றடிக்காவது கறுப்புத் துணி இழுக்க வேண்டும். அடுத்த சம்பளத்தில்.